நமது பாடசாலையும் எச்.ஐ.வி. தடுப்புக் கல்வியும்

(சங்கத்தின் ஆண்டு மகாநாட்டுப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கத்தின் நிர்வாக சபையார் இன்று மாலை நம் பாடசாலையைப் பற்றிய இரண்டு விஷயங்களை உங்கள் ஆலோசனைக்கு வைத்திருக்கின்றனர். எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமியைப் பற்றியும், அதனின்று தம்மைக் காத்துக்கொள்ளும் வழியைப் பற்றியும், நம் பிள்ளைகளுக்கு அவரவர் வயதுக்கேற்ற முறையில் வகுப்பிலேயே போதிக்க வேண்டுமென்னும் தீர்மானம் ஒன்று. மாணவர் விடுதியில் சேர விரும்பும் பிள்ளைகள் அனைவரும் அக்கிருமி தமக்கு இல்லையென ரத்தப் பரிசோதனைச் சான்று கொண்டுவர வேண்டுமென்று அங்கத்தினர் சிலர் அனுப்பியுள்ள கோரிக்கை மற்றொன்று. முன்னதை மனமுவந்து ஏற்க வேண்டும், பின்னதை அறவே விலக்க வேண்டும் என்பதே யாம் சொல்ல வந்ததன் சுருக்கம். அதற்குரிய காரணங்களை நீங்கள் பொறுமையுடன் கேட்டு, உங்கள் அபிப்பிராயத்தை அச்சமின்றிக் கூறுமாறு வேண்டுகிறோம்.

இவ்விஷயம் தாய்மார்கள் நடுவே பேசக் கூசத்தக்கதென்று சிலர் கருதலாம். தாயின் ரத்தத்திலிருந்தும் பாலிலிருந்தும் பிள்ளைக்குச் சேரக்கூடிய நோயைப் பற்றித் தாய்மாரிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது? ஆகவே, சொல்ல வேண்டியதை மரியாதை குன்றாமலும், மறைவின்றியும் சொல்லத் துணிந்தோம்.

நோயின் வரலாறு

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க நாட்டில், அதுவரை திடமாயிருந்த வாலிபர் சிலருக்கு அரிதான ஒருவகை நுரையீரல் காய்ச்சல் கண்டதாக மருத்துவ அறிக்கையொன்று வெளிவந்தது. அதுவே இந்நோயைப் பற்றிய முதற் செய்தி. 1983-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்தனர். அப்பணிக்காகப் பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லுக் மொந்தாஞியேயும் 2008-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

அக்காலத்தில் நம் தேசத்தார் பலர், ‘இது மேல்நாட்டார் நோய், ஒழுக்கத்தில் சிறந்த நம் நாட்டில் இதற்கு இடமில்லை’ என்று சொல்லி நிம்மதியாக இருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார் மட்டும், ‘பார்த்துவிட்டுச் சொல்வோமே’ என்று கருதி, தம் மாணவி ஒருவரைக் கொண்டு ரத்த மாதிரிகளைச் சேகரிக்கச் செய்தார். அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. 1986-ஆம் ஆண்டில், இந்தியாவிலும் எச்.ஐ.வி. உண்டென்பது இவ்வாறு முதன்முதலாக வெளியாயிற்று. ஆகவே இந்நோயின் இந்திய வரலாறு நம் தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. ‘இங்கே இல்லை’ என்று சொன்ன ஆண்டுகளிலேயே அது இங்கே இருந்தது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுவதில்லை.

பின்னர் 1992-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தை ஏற்படுத்தினர். 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மாநில எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதற்குரிய கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. இம்முயற்சிகளால் புதிதாக நோய் பற்றுவோர் தொகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆயினும் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் தேசத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்கின்றனர். குறைந்துவிட்டதென்பது உண்மை, மறைந்துவிட்டதென்பது உண்மையன்று.

எச்.ஐ.வி. வேறு, எயிட்ஸ் வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் கற்றவரிலும் பலர். எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். நம் தேகத்தில் நோய்களை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்கள் பல உண்டல்லவா? அவற்றுள் தலைமையான ஒருவகை அணுக்களுக்குள் இக்கிருமி புகுந்து, தன்னைப் பெருக்கிக்கொண்டு, அவற்றைச் சிறிது சிறிதாக அழிக்கும். மருந்து உட்கொள்ளாதவிடத்துப் பல ஆண்டுகள், பலருக்கு எட்டுப் பத்து ஆண்டுகள் கூட, வெளிப்பார்வைக்கு ஒன்றும் தோன்றாது. காவற்காரர் யாவரும் மாண்டபின் கோட்டைக்குள் கள்வர் நுழைவது போல, எதிர்ப்புச் சக்தி குன்றிய பிறகு காசநோய் முதலிய பிணிகள் வந்து சூழும். அந்த முற்றிய நிலைக்குத்தான் எயிட்ஸ் என்று பெயர்.

இதிலிருந்து நம் பிள்ளைகள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒருவருடைய முகத்தையோ, தேகக்கட்டையோ, உடையையோ, குலத்தையோ பார்த்து அவருக்குக் கிருமி உண்டா இல்லையா என்று சொல்ல இயலாது. ரத்தப் பரிசோதனை ஒன்றே சொல்லும். அதுவும் கிருமி புகுந்த உடனே காட்டிவிடாது. சில வாரங்கள் செல்லும். ஆதலின், ஐயத்துக்கிடமான நிகழ்ச்சிக்குப் பிறகு முதலில் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து மறுமுறையும் பரிசோதித்துக்கொள்வது நலமென்பர் வைத்தியர்.

பரவும் வழியும் பரவா வழியும்

இக்கிருமி பரவும் வழிகள் சிலவே. கிருமியுள்ளவருடன் ஆணுறையின்றிக் கொள்ளும் உடலுறவு. அவர் ரத்தம் பட்ட ஊசியை மற்றவர்க்கும் பயன்படுத்துதல். பரிசோதிக்கப்படாத ரத்தத்தை ஏற்றுதல். கிருமியுள்ள தாயிடமிருந்து கருவிலோ, பிரசவத்திலோ, பாலூட்டும்போதோ குழந்தைக்குச் சேர்தல். இவற்றைத் தவிர வேறில்லை.

ஒரே பந்தியில் உண்பதாலும், ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும், ஒரே குளத்தில் குளிப்பதாலும், ஒரு பெஞ்சியில் அருகருகே அமர்ந்து படிப்பதாலும், கட்டித் தழுவுவதாலும், இருமலாலும், கண்ணீராலும், கொசுக்கடியாலும் இது பரவாது. கொசு மலேரியாவைப் பரப்புகிறதே, இதை ஏன் பரப்பாது என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அக்கேள்வி நல்ல கேள்வி. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து, அதன் எச்சிலோடு நம்முள் வருவது. எச்.ஐ.வி.யோ கொசுவின் உடலில் பெருகுவதில்லை. வயிற்றில் செரித்து அழிந்துபோகும். கொசுவும் தான் குடித்த ரத்தத்தை அடுத்தவருக்கு ஏற்றுவதில்லை. இவ்வாறு காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறவாது. பிறரிடம் வீண் அருவருப்பும் கொள்ளாது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணிப்பில், இந்நோயைப் பற்றி முழுமையான அறிவு பெற்றிருந்தவர், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேர். ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர். பெயரைக் கேள்விப்பட்டவர் அநேகர். விஷயத்தை அறிந்தவர் சிலர். இக்குறையை நிரப்புவதற்குப் பாடசாலையினும் தக்க இடம் எது?

ஆட்சேபங்களும் சமாதானமும்

தீர்மானத்துக்கு எதிராக வந்துள்ள ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். அவற்றை எழுதியவர்கள் பிள்ளைகளின் நலத்தைக் கருதியே எழுதினர் என்பதில் எமக்குச் சிறிதும் ஐயமில்லை.

முதலாவது: ‘அறியாத பிள்ளைக்கு அறிவித்தால் அதுவே தூண்டுகோலாகிவிடும்.’ இது கேட்டமாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும். ஆனால் யுனெஸ்கோ நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி நூலுக்காகப் பல தேசத்து ஆராய்ச்சிகளையும் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே தவறான வழியில் புகுவதில்லை என்றே புலப்பட்டது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நம் உச்ச நீதிமன்றத்தாரும், பாலியல் கல்வி ஒழுக்கக் கேட்டைத் தூண்டுமென்பது தவறான எண்ணம் என்று ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தனர். மேலும், இக்காலத்துப் பிள்ளை ‘அறியாத பிள்ளை’ என்பது பெற்றோரின் ஆசையேயன்றி உண்மை நிலையன்று. கைப்பேசி ஒன்று வீட்டிலிருந்தால், உபாத்தியாயர் வாய் திறக்கு முன்னரே ஆயிரம் உபாத்தியாயர் வாய் திறந்துவிடுகின்றனர். அவர்கள் சொல்வது பாதி பொய், பாதி விஷம். நாம் பேசாதிருந்தால் பிள்ளை அறியாமல் இருப்பதில்லை, பிழைபட அறிகிறது.

இரண்டாவது: ‘நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?’ நம்மவருள் லாரித் தொழில் செய்வோரும், ஜவுளி வியாபாரத்தின் பொருட்டு மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் தங்குவோரும் பலர். வீட்டை விட்டு நெடுநாள் பிரிந்திருக்கும் தொழிலாளரிடமும் லாரி ஓட்டுநரிடமும் இந்நோய் பற்றக் கூடுதலான வாய்ப்புண்டென்று கண்டே, தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் அவர்களுக்கெனத் தனி வேலைத் திட்டம் வகுத்தனர். இதைச் சொல்வது அத்தொழிலை இழிவுபடுத்துவதற்கன்று. அத்தொழிலால் உண்டு வளர்ந்தவர்கள் நாம். தம் கணவரைத் தவிர வேறொருவரை அறியாத பத்தினிப் பெண்கள் எத்தனையோ பேர் இக்கிருமியைப் பெற்றுள்ளனர். ஒன்றுமறியாத சிசுக்களும் பெற்றுள்ளன. நோய் குலம் கேட்டு வருவதில்லை. அதனை ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்வதால் குற்றமற்றவர் பலர்மேல் பழி விழுகிறது. பழிக்கு அஞ்சிப் பரிசோதனைக்குச் செல்லாதவர் தொகையும் பெருகுகிறது.

மூன்றாவது: ‘பெற்றோரே வீட்டில் சொல்லிக் கொள்ளட்டும்.’ இதை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். வீட்டிற் சொல்வதற்குப் பாடசாலை துணையேயன்றிப் பகையன்று. ஆயினும் எத்தனை வீடுகளில் தந்தை மகனோடு இதைப் பேசுவார்? பெண் பூப்படைந்த நாளிலே சீர் வரிசைக்கும் பந்தலுக்கும் செலவிடும் பொழுதில் ஒரு நாழிகையாவது, அவள் உடலில் நடப்பது இன்னதென்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒதுக்கும் வீடுகள் எத்தனை? பாடசாலையில் முறையாகத் தொடங்கப்படின், பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும். பெற்றோருக்கும் நாவு திறக்கும்.

நான்காவது: ‘சர்க்காரே தொடங்கி நிறுத்திய காரியத்தை நாம் ஏன் எடுக்க வேண்டும்?’ இதற்குச் சற்று விரிவாக விடை கூற வேண்டும். 2005-ஆம் ஆண்டில் மத்தியக் கல்வி இலாகாவும் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து, வளரிளம் பருவத்தார்க்கான கல்வித் திட்டமொன்றை 16 மணி நேரப் பாடமாக ஏற்படுத்தின. 2007-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களில், பாடப் படங்கள் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதன என்று கிளர்ச்சி எழுந்து, அது நிறுத்தப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பாடசாலைகளில் பாலியல் கல்வி கூடாதென்றே கூறியது. பின்னர் வந்த சட்டமோ வேறு திசை காட்டுகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எயிட்ஸ் தடுப்புச் சட்டம், வயதுக்கேற்றதும், ஆண் பெண் இருபாலர் நிலையையும் உணர்ந்ததும், யாரையும் இழிவுபடுத்தாததுமான அறிவுப் பிரசாரத்தை நடத்துவது சர்க்காரின் கடமையென விதிக்கிறது. இவ்வரலாற்றினின்று நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவு. பாடப் புத்தகம் வகுப்புக்குப் போகுமுன் பெற்றோர் கைக்குப் போக வேண்டும். அதன் பொருட்டே இக்கூட்டம். பாடத்தின் கையெழுத்துப் பிரதியைப் பத்து நாள் சங்கக் கட்டடத்தில் வைத்திருக்கப் போகிறோம். பெற்றோர் எவரும் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லலாம்.

எவ்வாறு போதித்தால் பயன்?

பாடம் வைத்தால் மாத்திரம் போதுமா? போதாது. இங்கே நமக்கு வழிகாட்டியாக ஆப்பிரிக்காவின் கென்யா தேசத்து அனுபவம் ஒன்றுளது. அத்தேசத்தின் மேற்குப் பகுதியில் 2003-ஆம் ஆண்டில் தொடங்கி, 328 ஆரம்பப் பாடசாலைகளில் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் என்னும் பொருளாதார அறிஞர்கள் ஏழாண்டுக்காலம் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். சில பாடசாலைகளில் உபாத்தியாயர்களுக்குச் சர்க்காரின் எயிட்ஸ் பாடத்தில் பயிற்சி அளித்தனர். அப்பாடம், ‘விவாகம் வரை விலகியிரு’ என்பதையே வற்புறுத்துவது. வேறு சிலவற்றில் பாடத்துக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையை இலவசமாகக் கொடுத்தனர். இன்னும் சிலவற்றில் இரண்டையும் செய்தனர்.

விளைவு யாதெனில், அந்த உபதேசப் பாடம் தனித்து நின்றவிடத்தில் இளம்பெண்கள் கருவுறுவதும் குறையவில்லை. பால்வினை நோயும் குறையவில்லை. சீருடை கொடுத்தவிடத்தில் பெண்கள் படிப்பை நிறுத்துவதும், இளவயதிற் கருவுறுவதும், இளவயது மணமும் குறைந்தன. எனினும் நோய் குறையவில்லை. இரண்டும் சேர்ந்தவிடத்தில்தான் நோய் குறைந்தது; ஆனால் படிப்பை நிறுத்துவதும் கருவுறுதலும் சீருடை மட்டும் கொடுத்தவிடத்தைப் போல அவ்வளவு குறையவில்லை. ஒரே மருந்தால் எல்லாப் பிணியும் தீர்வதில்லை என்பது இதனால் விளங்குகிறது.

அதே பாடசாலைகளுள் 71-இல் டூபா அம்மையார் 2004-ஆம் ஆண்டில் மற்றொன்றும் செய்து பார்த்தார். ஒருநாள் வகுப்பிலே சுமார் 40 நிமிட நேரம், ‘எந்த வயது ஆண்களிடம் இக்கிருமி எவ்வளவு பரவியுள்ளது’ என்னும் கணக்கை மட்டும் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டச் செய்தார். பணமும் பரிசும் காட்டி மயக்கும் வயது முதிர்ந்த ஆண்களிடமே ஆபத்து அதிகமென்று பெண்கள் அக்கணக்கினின்று தாமே அறிந்தனர். அதன்பின் ஓராண்டில், அப்பாடசாலைப் பெண்களுள் கருவுறுவோர் மற்றப் பாடசாலைகளைவிட நூற்றுக்கு 28 விழுக்காடு குறைந்தனர். ‘செய்யாதே’ என்று பல மாதம் சொன்னது செய்யாத வேலையை, உண்மையான ஒரு கணக்கு ஒரு நாளில் செய்தது. பிள்ளைகளின் புத்தியை நம்பி அவர்களிடம் உண்மையை ஒப்படைத்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வர்.

இதினின்று நம் பாடசாலைக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. பாடத்தில் பயமுறுத்தலையும் பொதுவான உபதேசத்தையும் குறைத்துத் திட்டமான செய்தியை மிகுதியாக வைக்க வேண்டும் என்பது ஒன்று. பெண் குழந்தைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை பாடசாலையில் நிறுத்தி வைப்பதும் நோய்த் தடுப்புப் பணியோடு சேர்ந்தது என்பது மற்றொன்று. நம் சங்கம் கொடுக்கும் உபகாரச் சம்பளத்தில் பெண்களுக்குரிய பங்கை உயர்த்த வேண்டுமென்று யாம் கேட்பது இதனாலும்தான். பத்தாவது முடிந்ததும் வரன் வந்துவிட்டதென்று படிப்பை நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் முழுதும் ஒழியவில்லை. பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

வகுப்புக்கேற்ற பாடம்

நிர்வாக சபையார் வகுத்துள்ள பாடத்திட்டம் இதுவாகும். ஐந்தாம் வகுப்பு வரை நோயின் பெயரைச் சொல்லவும் அவசியமில்லை. பிறர் காயத்து ரத்தத்தை வெறுங்கையால் தொடலாகாது. கிடக்கும் ஊசியை எடுக்கலாகாது. உன் உடல் உன்னுடையது. கூடாத இடத்தில் யார் தொட்டாலும், அவர் உறவினரேயாயினும், ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லி அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல். நோயுற்ற தோழனை ஒதுக்காதே. இவ்வளவே.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, பருவ மாறுதல்கள், மாதவிடாய், சுத்தம், குழந்தைகளைப் பாலியற் குற்றங்களினின்று காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைகள் உதவிக்கான 1098 என்னும் தொலைபேசி எண் ஆகியவை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எச்.ஐ.வி. பரவும் வழி, பரவா வழி, எயிட்ஸ் நிலை, போதை ஊசியின் கேடு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் ஆணுறை, பரிசோதனை, கூட்டு மருந்து ஆகியவற்றைப் பற்றிய முழுச் செய்தி. ஆபத்தான நிகழ்ச்சிக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குச் சென்றால் தடுப்பு மருந்து உண்டென்பது. விவாகத்துக்கு முன் இருவரும் மனமொப்பிப் பரிசோதித்துக்கொள்ளும் நன்மை.

இதனை டிசம்பர் முதல் தேதி உலக எயிட்ஸ் தினத்தன்று ஓர் ஊர்வலமும் ஒரு கட்டுரைப் போட்டியுமாக முடித்துவிடலாகாது. வாரம் ஒரு மணியாக ஒரு பருவம் முழுவதும் நடத்த வேண்டும். பயிற்சி பெற்ற உபாத்தியாயரே நடத்த வேண்டும். பெண்களுக்கு ஆசிரியையும் இருக்க வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூசும் பிள்ளைகள் பெயரெழுதாமல் கேள்வியை எழுதிப் போட ஒரு பெட்டி வைக்க வேண்டும். பெட்டியில் வரும் எந்தக் கேள்விக்கும் உபாத்தியாயர் சினங்கொள்ளாமல் விடையளிக்க வேண்டும். கல்லூரிகளில் இயங்கும் செஞ்சுருள் சங்கத்து மாணவரை அழைத்துப் பேசச் செய்வதும் நன்று. அண்ணன் அக்காள் சொல்வதைத் தம்பி தங்கையர் விரும்பிக் கேட்பர்.

விடுதியும் ரத்தச் சான்றும்

இனி இரண்டாவது விஷயம். விடுதியில் சேரும் பிள்ளைகளிடம் ரத்தச் சான்று கேட்கலாமா? கேட்கலாகாது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதியிலிருந்து அமலில் உள்ள மேற்சொன்ன சட்டம், கல்வி பெறுவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை ஒரு நிபந்தனையாக விதிப்பதைத் தடுக்கிறது. பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும். அதன் முடிவு ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். சட்டம் இல்லாவிடினும், ஒரே அறையில் உறங்கி ஒரே பந்தியில் உண்பதால் பரவாத நோய்க்கு அச்சான்று எதற்கு? அது யாரையும் காக்காது. ஒரு குழந்தையை வெளியே நிறுத்துவதற்கு மட்டுமே உதவும்.

அவ்வாறு நிறுத்தியவர்களின் கதையை உலகம் மறக்கவில்லை. அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்துக் கொகோமோ என்னும் ஊரில் ரயன் வைட் என்னும் சிறுவன், ரத்தம் உறையாத பிறவி நோய்க்கு ஏற்றிய மருந்தின் வழியாக இக்கிருமியைப் பெற்றான். 1985-ஆம் ஆண்டில் அவனைப் பாடசாலையிற் சேர்க்க மறுத்தனர். வழக்காடித் திரும்பியும் அவ்வூரில் அவனால் நிம்மதியாய்ப் படிக்க இயலவில்லை, வேறூர் சென்றான். அவ்வூர்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே நோயைப் பற்றி விளக்கியிருந்தமையால் அவர்கள் கைகொடுத்து வரவேற்றனர். அவன் 1990-ஆம் ஆண்டில் 18 வயதில் மறைந்தான். முதலூருக்கும் இரண்டாம் ஊருக்கும் உள்ள பேதம் ஈரத்தில் மட்டுமன்று, பாடத்திலும் இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் என்கோசி ஜான்சன் என்னும் சிறுவனையும் 1997-ஆம் ஆண்டில் பாடசாலையிற் சேர்க்கத் தயங்கினர். அவன் 2000-ஆம் ஆண்டு டர்பன் நகரத்து உலக எயிட்ஸ் மகாநாட்டிலே, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்குமாறு பெரியோர் நடுவே நின்று கேட்டான். மறு ஆண்டில் 12 வயதில் இறந்தான். அத்தேசத்தார் 2002-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கான ‘தக்கலானி செசமி’ என்னும் தொலைக்காட்சிப் பொம்மை நாடகத்தில் காமி என்னும் எச்.ஐ.வி. உள்ள பொம்மைப் பெண்ணைச் சேர்த்தனர். பள்ளி செல்லாப் பருவத்துக் குழந்தைகளுக்கும் ‘இவளோடு விளையாடலாம்’ என்னும் பாடத்தை அப்பொம்மை கற்பித்தது.

இன்றோ அச்சிறுவர்களின் காலம் போல் மருந்தில்லாத காலமன்று. நாள்தோறும் மருந்து உண்பவர் மற்றவரைப் போல நெடுங்காலம் வாழ்கின்றனர். ரத்தத்தில் கிருமி காணப்படாத அளவு குறைந்துவிட்டால், உடலுறவின் வழியாகவும் அது பிறருக்குப் பரவுவதில்லை. மருந்தில்லாவிடில் கிருமியுள்ள தாய்மார் நூற்றுவரின் குழந்தைகளில் 15 முதல் 45 வரை நோய் பெறும். முறையாக மருந்து கொடுத்தால் அத்தொகை 5-க்கும் கீழே இறங்கும். ஆகவே, கிருமியோடு பிறந்த குழந்தைக்கு வேண்டியன இரண்டே: தவறாத மருந்து, தடையற்ற படிப்பு. முன்னதைச் சர்க்கார் கொடுக்கின்றனர். பின்னதைக் கொடுப்பது நம் கடன். ‘நம்மவர் பிள்ளைகளுக்கு நாமே கதி’ என்றெண்ணி நம் முன்னோர் பிடியரிசி சேர்த்துக் கட்டிய விடுதி இது. நம் பிள்ளைகளுள் அதிகம் துணை வேண்டும் பிள்ளைக்கு அதன் கதவு மூடப்படுமாயின், அம்முன்னோரின் எண்ணம் என்னாகும்?

முடிவுரை

பெற்றோரிடம் எமது விண்ணப்பம் மூன்று. பாடத்தின் பிரதியைப் படித்துப் பார்த்துத் திருத்தம் கூறுங்கள்; படியாமல் எதிர்க்க வேண்டாம், படியாமல் ஆதரிக்கவும் வேண்டாம். பிள்ளை வகுப்பிற் கேட்டதை வீட்டில் வந்து சொன்னால், வாயை அடக்காமல் காது கொடுங்கள். உங்களுக்கே ஐயம் ஏதேனும் உண்டாயின், சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலுள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லுங்கள். அங்கே பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். 1097 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசியிலும் கேட்டறியலாம்.

மாணவ மாணவியரே! உங்களை நம்பாததால் இப்பாடம் வைக்கப்படவில்லை, நம்புவதாலேயே வைக்கப்படுகிறது. உண்மையை அறிந்தவன் தன்னைக் காத்துக்கொள்வான். அடுத்தவனையும் அன்போடு நடத்துவான்.

தாய்மார்களே, பெரியோர்களே! வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. விவாகத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம்; வீட்டுக்கு மனைநூல் பார்க்கிறோம்; பிள்ளையின் ஆயுளைக் காக்கும் அறிவை மட்டும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளி வைப்பது முறையாகுமோ? முதல் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றி, இரண்டாவது கோரிக்கையை அன்போடு தள்ளிவிடுமாறு வேண்டுகிறோம்.